மேலோகத்தில் மூன்றாவது ஆள்

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கிறவளுக்கு மனுஷ முகமே தெரியாது. சுவரில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் நுழைகிற ஆறேழு கைகள், அவ்வளவுதான் உலகம். ரயில்வே ஸ்டேஷனிலோ கரண்ட் ஆபீசிலோ இப்படி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சும்மா தலையை ஆட்டுங்கள், எனக்குப் போதும். வளையல் உடைந்து கை கீறினாலும் ஒருத்தியும் கையை வெளியே எடுக்க மாட்டாள். "எனக்கு நாலு, எனக்கு நாலு" என்று கத்துவாளுகள். அந்த நாலு எந்தக் கைக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக, சுற்றிலும் வாழைத்தோட்டமாக இருக்கும் எங்கள் ஊர். தொண்ணூறுகளில் அந்த ஊர்க் கொட்டகையில் பத்து வருஷம் போலக் குப்பை கொட்டினேன். எத்தனையோ படம் வந்தது, போனது. ஒரு படத்தை மட்டும் மறக்க முடியவில்லை. மேலோகத்துத் தேவதூதன் ஒருவன் என்னவோ தப்புப் பண்ணி, தண்டனையாகப் பூமிக்கு வந்து, லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து நம்மோடு மல்லுக்கட்டுகிற கதை. சட்டைக்குள் ரெக்கையை மடித்து வைத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பான். ஒரு பொய் சொன்னால் ஒரு இறகு உதிரும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். படத்துக்கு நல்ல பேர் ஒன்று இருந்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. "ரெக்கைப் படத்துக்கு ரெண்டு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

ரெக்கை கட்டிய மாடசாமி

படம் வந்த வெள்ளிக்கிழமை எங்கள் மேனேஜர் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தாலே எங்களில் யார் தலையாவது உருளும். கொட்டகை வாசலில் நிஜமாகவே ஒரு தேவதூதனை நிறுத்த வேண்டுமாம். ஆளுக்கு எங்கே போவது? கேட்டில் டிக்கெட் கிழிக்கிற மாடசாமிதான் இருந்தான். ஆறடி உயரம், காது வரைக்கும் மீசை, ஒரு அதட்டுப் போட்டால் பெஞ்சு டிக்கெட் மொத்தமும் வாயைப் பொத்திக்கொள்ளும். மூங்கில் தப்பையை வளைத்து, பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்சை ஒட்டி, அவன் முதுகில் கட்டினார்கள். "மீசைய எடுலே" என்றார் அண்ணாச்சி. "வேலைய வேணும்னா எடுத்துக்கிடுங்க, மீசையில கை வைக்காதிய" என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு மேட்னிக்கு, களக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா வந்தாள். மாடசாமியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடும் போட்டாள். மாடசாமி நெளிந்த நெளிப்பில் பாதிப் பஞ்சு கீழே கொட்டியது. அப்புறம் என் ஓட்டைக்கு வந்து, பைய ஒரு கேள்வி கேட்டாள்: "ஏ யம்மா, எங்க ஊருச் சாமிக்கு மீசை உண்டு, ரெக்கை கெடையாது. இவுக எந்தக் கோயிலு?"

முதுகைத் தடவியவர்கள்

அந்தப் படம் வந்ததிலிருந்து ஊரில் ஆம்பளைகளுக்கு நிம்மதி போயிற்று. "இவ்வளவு நேரம் எங்கன போயிருந்திய?" என்று பெண்டாட்டி கேட்பாள். "வாய்க்காலுக்குத்தாம்ட்டி" என்று புருஷன் சொல்வான். உடனே அவன் முதுகில் ஒரு கை தடவிப் பார்க்கும். டீக்கடையில் ஒருத்தன் பெருமை பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிறவன் குனிந்து தரையில் இறகு பொறுக்குவான். நானும் என் வீட்டுக்காரரிடம் அப்படிச் செய்துபார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தெரு இட்லிக்கடைக்காரி முதல் நாள் புருஷனோடு வந்தாள். மூன்றாம் நாள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தாள். "என்ன, அண்ணனைக் கூட்டியாரலையா?" என்று கேட்டேன். ஓட்டைக்குள் முகத்தையே நுழைத்துவிட்டாள். "அவுகளுக்கு மட்டும் ரெக்கை இருந்திருந்துன்னா, முந்தாநாள் படம் விட்டு வீட்டுக்குப் போயிச் சோறு திங்கதுக்குள்ள கோழி உரிச்ச மாதிரி ஆயிருப்பாவ, டிக்கெட்டக்கா!"

பத்து நிமிஷத்துக்கு ஒரு டிக்கெட்

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மாடசாமி வந்து ஒரு சங்கதி சொன்னான். "யக்கா, ஒரு பொம்பளை தெனம் மேட்னிக்கு வருது. படத்துக்கு முன்னால ரிக்கார்டு போடும்போதே வந்து முதல் பெஞ்சுல உக்காருது. படம் போட்டுப் பத்து நிமிஷத்துல எந்திரிச்சி வெளிய போயிருது." எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கரண்டு போனால்கூட எழுந்திரிக்க மாட்டார்கள். மறுநாள் பார்த்தால், அவன் சொன்னது சரி. நாற்பத்தைந்து வயசிருக்கும், வாழைக்கறை பிடித்த சீலை, முடியை அள்ளிச் செருகிய கொண்டை. பேர் கோமதி, தோட்ட வேலைக்குப் போகிறவள் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். மத்தியானம் வேலை விட்டதும் நேரே கொட்டகைக்கு வந்துவிடுவாளாம்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. உள்ளே போய்ப் பத்தே நிமிஷத்தில் அவள் திரும்பி வரும்போது மறித்துவிட்டேன். "ஏங்க்கா, இப்பந்தான படமே ஆரம்பிக்கு? தேவதூதன் இனிமத்தான பூமிக்கே வருவான்? எல்லாரும் அதுக்குத்தான் வாராவ, நீங்க அதுக்கு முன்னால ஓடுதியளே, படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன். கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படம் நல்லாத்தாம்மா இருக்கு. எனக்கு இம்புட்டுப் போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள்.

மேலோகம் இல்லாத மேட்னி

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். ஊர்க் கொட்டகைகளில் படத்தை முழுசாக ஓட்டுவது என்பது வாய்ப்பேச்சுதான். கடைசி பஸ்ஸுக்கு ஆட்களை விட வேண்டும் என்றால் ஒரு பாட்டு போகும். கூட்டம் அதிகம், இன்னொரு காட்சி நுழைக்க வேண்டும் என்றால் ஒரு ரீலே போகும். எந்த ரீல் போக வேண்டும் என்பதை மேனேஜர் அண்ணாச்சி தீர்ப்புச் சொல்வார், ஆபரேட்டர் செய்யது அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைப்பார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கூட்டம். "மொத ரீலைத் தூக்குங்க பாய். மேலோகத்துல எவன் பாட்டுப் படிக்கான், எவன் சண்டை போடுதான்? சும்மா புகையிலதான நிக்கானுவ" என்றார் அண்ணாச்சி. ஆகவே அன்றைய மேட்னியில் தேவதூதன் எடுத்த எடுப்பில் வைக்கோல் போரில் வந்து விழுந்தான். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டினார்கள்.

கோமதிக்குத் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள் நேரே என் அறைக்குள் நுழைந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. நான் பயந்தே போனேன். அண்ணாச்சி சத்தம் கேட்டு ஓடி வந்து, "என்னம்மா, என்ன கொறை?" என்று அதட்டினார். அவள் அவரைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்டாள்: "மேலோகத்தை எங்க வச்சிருக்கிய? எம்புள்ள அதுலதான நிக்கான்!"

மடித்துக் கட்டியவன்

அவளை உட்கார வைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்த பிறகுதான் விஷயம் வந்தது. ஒரே மகன், சுடலைமுத்து. தகப்பன் இல்லாத பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயசில், "வாழைத்தார் சுமக்க மாட்டேன், சினிமாவுல நடிக்கப் போறேன்" என்றிருக்கிறான். இவள் விளக்குமாற்றால் ஒன்று வைத்திருக்கிறாள். மறுநாள் ஆளைக் காணோம். கடுதாசியும் இல்லை, இருக்கிறானா போனானா என்றும் தெரியவில்லை. படம் வந்த முதல் சனிக்கிழமை தோட்டத்துப் பெண்களோடு வந்தவள், மேலோகத்தில் இடது பக்கம் மூன்றாவது ஆளாக அவன் நிற்பதைப் பார்த்துவிட்டாள். தெருவில் சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் மேட்னிக்கு மாடசாமியை என் ஓட்டையில் உட்கார வைத்துவிட்டு நானும் உள்ளே போனேன். புகைக்கு நடுவே இரண்டு வரிசையாகத் தேவதூதர்கள். எல்லாருக்கும் பாதம் வரை தொங்குகிற வெள்ளை அங்கி, எல்லாரும் சிலை மாதிரி நிற்கிறார்கள். நடுவில் ஒருத்தர் நீளமாக ஏதோ ஓலை வாசிக்கிறார். அப்போது இடது பக்கம் மூன்றாவது ஆள், கால் ஓரமாக அங்கியைச் சுருட்டி எடுத்து, வேட்டி மடித்துக் கட்டுகிற மாதிரி ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றான். ஐயோ, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு! உலகத்தில் எவன் வேண்டுமானாலும் ரெக்கை கட்டிக்கொள்ளலாம். மேலோகத்தில் போய் மடித்துக் கட்டுகிறவன் எங்கள் ஊர்ப் பயலாகத்தான் இருக்க முடியும். படம் எடுத்தவர்கள் கவனிக்கவில்லை. நாங்களும் இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை.

கோமதிக்கு ஒரு பயம் இருந்தது. செய்யது அண்ணனிடம்தான் கேட்டாள். "மேலோகத்துலன்னா செத்தவங்கதான இருப்பாவ? அவனுக்கு ஏதும் ஆயிருக்குமோ?" செய்யது அண்ணன் அவளை மேலே மிஷின் ரூமுக்குக் கூட்டிப்போனார். பிலிமை விரித்துக் காட்டினார். "இது மெட்ராசுல ஒரு பெரிய தகரக் கொட்டகைம்மா. புகை வாளியில இருந்து வருது. ரெக்கை பஞ்சு, நம்ம மாடசாமி கட்டுனானே, அது மாதிரிதான். சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் கழத்திக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவானுவ" என்று விளக்கினார். அவள் பிலிமைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "அங்கன மத்தியானம் சோறு போடுவாவளா?"

மேலோகத்துக்கு ஒரு தபால்

அந்த வாரமே படக் கம்பெனியின் பிரதிநிதி திருநெல்வேலியிலிருந்து வந்தார். நானும் கோமதியும் அவரைப் பிடித்துக்கொண்டோம். அந்த மூன்றாவது ஆளின் விலாசம் வேண்டும் என்றோம். அவர் பாவம், நல்ல மனுஷன், உதட்டைப் பிதுக்கினார். கூட்டத்தில் நிற்கிறவர்களை லாரியில் ஏற்றி வந்து லாரியில் கொண்டுபோய் விடுவார்களாம். ரெக்கை எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதி வைத்திருப்பார்களாம். ஆள் பேரை யாரும் எழுதுவதில்லையாம். கோமதி மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. ரெக்கைக்கு இருக்கிற மரியாதை அதைச் சுமந்தவனுக்கு இல்லையே என்று அன்றைக்கெல்லாம் எரிந்து எரிந்து விழுந்தேன்.

மேனேஜர் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். கொட்டகை லெட்டர் பேடில் தானே ஒரு கடுதாசி எழுதினார். எனக்கு வாசித்தும் காட்டினார். "தம்பி சுடலைமுத்து, மேலோகத்தில் அங்கியை மடித்துக் கட்டியது தவறு, கண்டிக்கத்தக்கது. உன் தாயார் தினமும் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். இனி அடிக்க மாட்டாராம். உடனே புறப்பட்டு வரவும்." உறையின் மேல் படக் கம்பெனி விலாசம், அதற்கு முன்னால் பெரிய எழுத்தில், "மேலோகக் காட்சியில் இடது பக்கம் மூன்றாவதாக நிற்பவருக்கு" என்று எழுதினார். அதைத் தபாலாபீசுக்கு நான்தான் கொண்டுபோனேன். உள்ளே இருந்த போஸ்ட்மாஸ்டர் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப வாசித்தார். "இருவத்தஞ்சு வருஷமா சர்வீசுல இருக்கேன் தாயி, மேலோகத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுறது இதான் மொதத் தடவை."

ஏழு பிள்ளை

மூன்றாவது வாரம் வியாழக்கிழமையோடு படம் கடைசி. மறுநாள் படப்பெட்டி சாத்தான்குளத்துக் கொட்டகைக்குப் பஸ்ஸில் ஏற வேண்டும். மாட்டை விட்டுவிட்டு கோமதியால் சாத்தான்குளத்துக்குத் தினமும் போய் வர முடியுமா? கடைசி மேட்னிக்கு முதல் ரீலை ஓட்டியாக வேண்டும் என்று நான் அண்ணாச்சியிடம் சண்டைக்கே நின்றேன். அவரும் சரி என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லாருமே பெண்கள் பக்கத்து வாசலில் நின்று அந்த மூன்றாவது ஆளைப் பார்த்தோம். அவன் மடித்துக் கட்டியபோது மாடசாமி கை தட்டினான். தரை டிக்கெட்காரர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

காட்சி முடிந்த பிறகு செய்யது அண்ணன் கீழே இறங்கி வந்தார். செய்யக் கூடாத வேலை ஒன்றைச் செய்திருந்தார். படத்தில் அந்த இடத்தில் அரைச் சாண் நீளம் பிலிமை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிவிட்டார். காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தார். கோமதி அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏழு கட்டம், ஏழிலும் அதே சுடலைமுத்து, அதே ரெக்கை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தும் போயிற்று. "ஒத்தப் புள்ளையத் தொலைச்சிட்டு வந்தேன், ஏழாக் குடுத்திருக்கியளே பாய். ஆனா ஒண்ணாவது நடக்க மாட்டேங்குதே."

சுவருக்கு அந்தப் பக்கம்

ஐப்பசி மழையில் வாய்க்கால் நிறைந்து ஓடிய சமயம், ஒரு மத்தியானம் ஒல்லியாக ஒரு பையன் நனைந்துகொண்டே என் ஓட்டைக்கு வந்தான். "இது பொம்பளைங்க கவுண்டரு, அந்தப் பக்கம் போ" என்று விரட்டினேன். அவன் பையிலிருந்து அண்ணாச்சி எழுதிய அந்தக் கடுதாசியை எடுத்து நீட்டினான். கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். கம்பெனி வாசலில் அந்தக் கடுதாசியை யாரோ குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசித்துச் சிரித்திருக்கிறான். ஒரு மாசம் கழித்து இவன் கண்ணில் பட்டிருக்கிறது. "ஏம்ப்பா மூணு வருஷமா ஒரு கார்டுகூடப் போடலை?" என்று கேட்டேன். பேசுகிற மாதிரி ஒரு வேஷம் கிடைத்ததும் எழுதலாம் என்று இருந்தானாம். கூட்டத்தில் நிற்கிறேன் என்று எப்படி எழுதுவது என்று வெட்கமாம். நானே இன்னொரு விளக்குமாற்றை எடுத்திருப்பேன். தோட்டத்துக்கு ஆள் அனுப்பினோம். கோமதி ஓடி வந்தாள். அடிக்கவில்லை. அவன் முதுகைத் தடவிப் பார்த்தாள், இங்கேயும் அங்கேயும் தடவினாள், "எலும்பா இருக்கியேல" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணாச்சி எதையோ தேடுவதுபோல ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தீபாவளி கழித்துத் திரும்பவும் மெட்ராசுக்குப் போகிறேன் என்றான் அவன். மாசம் ஒரு கார்டு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவளும் ஒத்துக்கொண்டாள். போவதற்கு முந்தின நாள் இரண்டு பேரையும் அண்ணாச்சி சும்மாவே படத்துக்கு வரச் சொன்னார். என்ன படம் என்று எனக்கே மறந்துவிட்டது. எங்கள் கொட்டகையில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர். புருஷன் பெண்டாட்டி ஆனாலும் வாசலில் பிரிந்து உள்ளே போய், படம் விட்டு வாசலில்தான் சேர வேண்டும். படம் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கோமதி விறுவிறுவென்று வெளியே வந்தாள். அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். "படத்துல நின்னப்பவாவது எம்புள்ளைய நேருக்கு நேரா பாத்தேன். இப்ப ஒரே கொட்டகைக்குள்ள இருக்கான், உங்க சுவரு மறைக்கே அண்ணாச்சி!"

அன்றைக்கு அண்ணாச்சி தானே முன்னால் நடந்துபோய் ஆண்கள் பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஒரு பெஞ்சைக் காலி பண்ணிக் கொடுத்தார். பத்து வருஷத்தில் நான் டிக்கெட் கொடுத்த அத்தனை பெண்களிலும், திரைப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் முழுப் படத்தையும் பார்த்து முடித்து, வெளியே வந்து "நல்ல படம்" என்று சொல்லிவிட்டுப் போனவள் கோமதி ஒருத்திதான்.